ஆறாம் படிக்கு யார் கை?

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. சலவைக்கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளிவிட்ட கையோடு பெரியவள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். கருத்துகள் நாற்பத்து மூன்று. ‘நானும் செய்தேன்’ என்ற இடத்தில் பூஜ்யம்.

நேற்றும் பூஜ்யம்தான். முந்தாநாளும் அதேதான்.

“காலங்காத்தால அந்த போனை என்ன தேய்ப்பு தேய்க்கிறே? இங்க நாப்பது சட்டை காத்துக்கிட்டு இருக்கு” என்று உள்ளேயிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது.

இதுவரை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடலாம்.

சலவைக்கடைக்கு வருகிறவர்கள் துணியை மறக்காமல் எடுத்துப் போவார்கள். குடையை மறந்துவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் வைத்திருந்தும் யாரும் தேடி வராத குடைகளை முதலாளியம்மா பெரியவளுக்குக் கொடுத்துவிடுவாள். துணியை உரித்துவிட்டு, கம்பிக் கூட்டின் மேல் மெல்லிய காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் அது விளக்கு. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து பெரியவளும் அவள் தங்கையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். இருபத்திரண்டு வருடம். ஒன்றைக்கூட விற்றதில்லை. கல்யாணம் என்றால் ஒன்று, குழந்தை பிறந்தால் ஒன்று, யாருக்கும் எதுவும் இல்லையென்றால் தங்களுக்கே ஒன்று.

மூன்று வருடத்துக்கு முன், சின்னவளுக்கு நகரத்தின் மறுகோடியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தங்குவதற்கும் அங்கேயே ஓர் அறை. “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்க்கா” என்றாள். பெரியவளுக்கு என்ன வந்ததோ, “வந்தா வா, வராட்டி போ. உன் கை இல்லாட்டியும் என் விளக்கு எரியும்” என்று சொல்லிவிட்டாள்.

சின்னவள் மேசைமேல் உரிக்காமல் கிடந்த பழுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். வாத்துத் தலைப் பிடி போட்ட குடை. வாத்துக்கு அலகு பாதி உடைந்திருக்கும். அதோடு சரி. எண் மாறிவிட்டது. மூன்று கடிதம் போட்டதில் மூன்றும் திரும்பி வந்தன. தொழிற்சாலையில் போய் விசாரித்தால், “அவங்க வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சே” என்றார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் பெரியவளின் மகள், வீட்டில் எல்லாரும் ‘வாலு’ என்று கூப்பிடுகிற பத்தொன்பது வயதுக்காரி, அம்மாவுக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். கையால் செய்த பொருள்களின் செய்முறையை ஆளுக்காள் படத்தோடு போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வலைத்தளம் அது. பெரியவள் அங்கே வைத்துக்கொண்ட பெயர் ‘மறந்த குடை’. குடை விளக்கின் செய்முறையைப் பதினொரு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்து, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிப் போட்டாள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. என்றாவது ஒரு நாள் எங்கேயாவது உட்கார்ந்து தங்கை இதைப் பார்ப்பாள் என்பதற்காக. வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும்.

பார்த்தவர்கள் நிறைய. செய்தவர்தான் ஒருவரும் இல்லை. எல்லாரும் ஆறாம் படியில் வந்து நின்றுவிட்டார்கள்.

‘ஞாயிறு தச்சன்’ என்கிறவர்தான் முதலில் கேட்டார்: “அம்மா, ஐந்து படி வரை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஆறில், ‘குடையை விரிக்கும் வளையம் பாதித் தண்டில் நிற்க, எட்டுக் கம்பி நுனிகளையும் நூலால் சுற்றிக் கட்டவும்’ என்கிறீர்கள். விட்டால் வளையம் கீழே விழுகிறது. கட்ட இரண்டு கை போயிற்று. பிடிக்க மூன்றாவது கைக்கு நான் எங்கே போவேன்?”

அதன் கீழே ‘துருப்பிடித்த ஆணி’: “நான் கால் கட்டைவிரலால் பிடித்தேன். குடை என்னை அடித்துவிட்டது.”

அதன் கீழே ‘மூணாவது மாடி’: “நான் மனைவியைப் பிடிக்கச் சொன்னேன். குடை நின்றது. பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.”

முதல் தடவை படித்தபோது பெரியவள் சிரித்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. ஆறாம் படிக்கு இன்னொரு கை வேண்டும் என்பதே எழுதும்போது அவளுக்குத் தோன்றவில்லை. முடிச்சுப் போடுவதுதான் வேலை என்று இருபத்திரண்டு வருடம் நினைத்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து, இடது கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்டைத் தாங்கிக்கொண்டு, ஏதாவது வம்பு பேசிக்கொண்டே இருந்தவளை அவள் ஒரு படியாக எண்ணியதே இல்லை.

நேற்று ‘ஞாயிறு தச்சன்’ மறுபடியும் வந்தார். “கண்டுபிடித்துவிட்டேன்! வளையத்துக்குக் கீழே ஒரு துணிக் கிளிப் மாட்டினால் போதும்.”

முப்பத்தொரு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள்.

துணிக் கிளிப்! பெரியவளின் வேலை அங்கியில் இரண்டு பையிலும் எப்போதும் கிளிப்தான். சட்டையோடு அடையாளச் சீட்டைச் சேர்க்க ஒன்று, ஜோடிக் காலுறைக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்நூறு கிளிப்பாவது அவள் விரல் வழியாகப் போகும்.

“கிளிப்புக்கு நடுவுலேயே குடியிருந்துக்கிட்டு உனக்கு இது தோணலையா?” என்று முதலாளியம்மா நேற்றே கேட்டுவிட்டாள்.

தோன்றவில்லை. ஆள் இருக்கும்போது யாருக்குக் கிளிப் தோன்றும்?

*

எட்டே காலுக்கு வாலு கடைக்குள் ஓடி வந்தாள். கல்லூரிப் பை ஒரு தோளில், செருப்பு வார் ஒன்று மாட்டாமல்.

“அம்மா, மெசேஜ் பாத்தியா? தளத்துலேர்ந்து வந்திருக்கு!”

“பாக்கல. நீயே படி. கை ஈரம்.”

வாலு படித்தாள். முதல் பக்கத்துக்குப் பொறுப்பானவர் எழுதியிருந்தார். ‘மறந்த குடை’யின் விளக்கை ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் போட விரும்புகிறார்கள். ஒரே ஒரு திருத்தம்: முதல் பக்கத்துச் செய்முறை எதுவானாலும் தனி ஆள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஆறாம் படியில் கிளிப் யோசனையைச் சேர்த்து, இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால் போதும்.

“முதல் பக்கம்னா என்னடி?”

“லட்சம் பேர் பாப்பாங்கம்மா. அதுக்கு மேலேயும் இருக்கும். தளத்தைத் திறந்தாலே உன் விளக்குதான் நிக்கும். அப்ப சித்தி...” வாலு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் முழுதாக முடிப்பதில்லை.

பெரியவள் துண்டில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“கிளிப் போடணும், அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். ஒரு படம் எடுத்து, ரெண்டு வரி எழுதினா முடிஞ்சுது. நான் நாலு மணிக்கு வந்து ஏத்திடறேன். மூஞ்சியைக் கொஞ்சம் சந்தோஷமா வச்சுக்கோயேன், சாமான் தொலைஞ்ச மாதிரி நிக்கிறே.”

வாலு வந்த வேகத்தில் போய்விட்டாள்.

பெரியவள் சீட்டுகளைக் கட்டத் தொடங்கினாள். விலை உயர்ந்த துணிகளுக்குக் கிளிப் கூடாது, தடம் விழும். நூலால்தான் கட்ட வேண்டும். கட்டும்போது அவளுக்குக் கை தனியாக ஓடும், மனசு தனியாக ஓடும். ஏழு வருடத்துக்கு முன் ஒரு தடவை நீராவி பட்டு அவள் வலது கை வெந்துபோனது. ஒரு மாதம் இடது கையாலும் பல்லாலுமே சீட்டுக் கட்டினாள். அந்த முடிச்சுகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நூல் நுனி மென்றதுபோல் பிசிறிக்கொண்டு நிற்கும். “எலி முடிச்சு” என்று முதலாளியம்மா பெயர் வைத்தாள். இன்றைக்கும் எங்கேயாவது ஒரு முடிச்சு கோணினால், “என்ன, எலி வந்துடுச்சா?” என்பாள்.

பத்து மணிக்குக் கூட்டம் குறைந்தது. மேசைக்குக் கீழே உரித்து வைத்திருந்த ஒரு கம்பிக் கூட்டை எடுத்தாள். வளையத்தைப் பாதித் தண்டுக்கு ஏற்றினாள். அதன் கீழே ஒரு நீலக் கிளிப்பை மாட்டினாள். கையை எடுத்தாள்.

நின்றது.

நூலை எடுத்துச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது கம்பி வரை ஒரு தொந்தரவும் இல்லை. எட்டாவதில் நூல் இழுத்தது. வளையம் ஓர் இம்மி மேலே போனால் சரியாகிவிடும். கிளிப் நகரவில்லை. பிடித்தால் பிடித்ததுதான். எட்டாவது கம்பி மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது.

ஆனாலும் குடை நின்றது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

‘இவ்வளவுதானா!’ என்று நினைத்தாள். நினைத்த பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும் பார்த்துக்கொண்டாள்.

*

அதே நேரத்தில் பெரியவளின் கணவர் பதினேழாம் எண் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு விஷயம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து அது அவர் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அன்றைக்கு, துணிச்சந்தை நிறுத்தத்தில், சின்னவள் இந்தப் பேருந்தில் ஏறினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு. அவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, “மாமா, என்னைப் பாத்ததை அக்காகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி இறங்கிடறேன்” என்றாள். இறங்கிவிடுவாளே என்ற பயத்தில் அவர் சத்தியம் செய்துவிட்டார்.

இன்றும் அதே நிறுத்தம், அதே பத்து நாற்பது. ஏறினாள். வலது கையால் பயண அட்டையைத் தேய்த்துவிட்டு அதே இருக்கையில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். இடது தோளில் ஒரு துணிப்பை. இடது கை அந்தப் பைக்குள்.

அவர் தலைக்கு மேலே ஒரு பலகை உண்டு: ஓட்டும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள். சின்னவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தனக்குத்தானே பேசுவதுபோல் இருக்கும்.

“படி ஆறு என்ன ஆச்சு மாமா?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீ அதைப் பாக்கிறியா?”

“முதல் நாள்லேர்ந்து. மறந்த குடைன்னா வேற யாரு? பதினோரு படி, அதுல ஒரு கால்புள்ளிகூடத் தப்பில்ல. எங்க அக்கா சோப்புக் கணக்கைக்கூட அப்படித்தான் எழுதுவா.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்தை எழுதல?”

“என்னன்னு எழுதறது?” என்றாள். கொஞ்ச நேரம் கடைகள் சன்னலில் ஓடின. “எல்லாரும் மூணாவது கை யாருதுன்னு கேக்கிறாங்க. அவ ஒருத்தருக்கும் பதில் சொல்லலையே. அதைத்தான் தினமும் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

சிவப்பு விளக்கில் பேருந்து நின்றது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“இந்தா பாரு சின்னம்மிணி, அவ தூங்கும்போதுகூட அந்தப் பூஜ்யத்தைத்தான் பாக்கிறா. வா. ஒரு தடவை வந்துட்டுப் போ. திட்டுவா. திட்டட்டுமே, அவ திட்டினா என்ன, காது உதிர்ந்தா போகும்?”

“அவகிட்ட கிளிப் போடச் சொல்லிடுங்க மாமா.”

“ஏன்?”

“போட்டா முடிஞ்சுது. நானும் பாக்கிறதை விட்டுடுவேன்.”

“இதை நீயே வந்து சொல்லேன்.”

“ஓட்டுநர்கிட்ட பேசக்கூடாதுன்னு எழுதியிருக்கு” என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாட்டிக்கொண்டால் எதிரே எழுதியிருக்கும் எதையாவது படிப்பாள்.

விளக்கு பச்சையானது. இரண்டாவது திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். பேருந்தில் எல்லாரும் ஒரு தடவை முன்னால் சாய்ந்தார்கள். சின்னவளுக்கு இடது பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், பிடிக்கம்பி இருந்தது. அவள் அதை இடது கையால் பிடிக்கவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பி, வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

இடது கை பைக்குள்ளேயே இருந்தது.

அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“அந்தக் கைக்கு என்னாச்சும்மா?”

“அடுத்த நிறுத்தம் பெரிய ஆஸ்பத்திரி” என்றாள், முன்பலகையில் ஓடிய எழுத்தைப் படிப்பதுபோல. எழுந்து நின்றாள். “சத்தியம் பண்ணியிருக்கீங்க மாமா.”

இறங்கிப் போனாள். போன வெள்ளிக்கிழமையும் இதே நிறுத்தத்தில்தான் இறங்கினாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் யாரோ மணியை மூன்று தடவை அடித்த பிறகே அவர் வண்டியை எடுத்தார்.

*

மாலை நாலரைக்கு மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். கூடத்து மேசையில், நீலக் கிளிப்போடு கம்பிக் கூடு நின்றுகொண்டிருந்தது. வாலு ஆறு கோணத்தில் அதைப் படம் எடுத்தாள்.

“நல்லாத்தானே நிக்குது” என்றாள்.

“நிக்குது” என்றாள் பெரியவள்.

“அப்புறம் என்னம்மா? எழுத வேண்டியதுதானே.”

பெரியவள் எழுதவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். “என்னங்க, கிளிப்பையும் நூலையும் எடுத்துடறேன், கொஞ்சம் வளையத்தைப் பிடிங்க. ஒரு தடவை பாத்துடலாம்.”

அவர் எதிரே உட்கார்ந்து பிடித்தார். ஸ்டியரிங் பிடிக்கிற பிடி. முதல் நூலிலேயே கம்பி வளைந்தது.

“அய்யோ, கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. லேசா!”

லேசாகப் பிடித்தார். வளையம் நழுவி விழுந்தது.

“பிடிங்கன்னா நெரிக்கிறீங்க, விடுங்கன்னா கைகழுவிடறீங்க. நடுவுல ஒண்ணும் கிடையாதா உங்களுக்கு?”

“எனக்கு நாலு கியர்தான்டி தெரியும். இது அஞ்சாவது கியர்” என்றார் அவர்.

வாலு சிரித்தாள். பெரியவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புக்குப் பதிலாக வேறு ஏதோ வரும்போல் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு, நூலைப் பிரித்து, கண்டில் சுற்றி, கிளிப்பை மறுபடியும் வளையத்துக்குக் கீழே மாட்டினாள்.

“அவ பிடிச்சா எனக்குக் கை இருக்கிறதே தெரியாது” என்றாள். “கம்பி இழுத்தா அவ கை மேல போகும். தளர்ந்தா கீழ வரும். ஒரு நாளும் நான் சொன்னதில்ல.”

கணவர் தரையைப் பார்த்தார்.  இடது கை என்று அவர் நினைத்தார். அந்தக் கையேதான்.

ஐந்து மணிக்குப் பெரியவள் கைப்பேசியை வாங்கி, தானே எழுத உட்கார்ந்தாள். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாக. இருபது நிமிடம் ஆனது. அனுப்பும் முன் வாலுவிடம் கொடுத்தாள். வாலு சத்தமாகப் படித்தாள்:

“படி 6. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எட்டு நுனிகளையும் கட்ட வேண்டும். இதை முதலிலேயே எழுதாதது என் தவறு. இருபத்திரண்டு வருடம் என் தங்கைதான் பிடித்துக்கொண்டாள். நான் கட்டியதை எழுதினேன். அவள் பிடித்ததை எழுதவில்லை. மூன்றாவது கை யாருடையது என்று கேட்ட எல்லாருக்கும் இதுதான் பதில். ஆள் இல்லாதவர்கள் வளையத்துக்குக் கீழே ஒரு துணிக் கிளிப் மாட்டிக்கொள்ளலாம். விளக்கு எரியும். ஒரு கம்பி மட்டும் விறைப்பாக நிற்கும்.”

கடைசி வரிக்கு வரும்போது வாலுவின் சத்தம் இறங்கிவிட்டது.

“இருக்கட்டுமா?” என்று கேட்டாள் பெரியவள்.

“இருக்கட்டும்மா” என்று சொல்லி வாலு அதைத் தளத்தில் ஏற்றி அனுப்பினாள்.

ஐந்தே முக்காலுக்குப் பொறுப்பாளரின் பதில் வந்தது. ‘மிக்க நன்றி. கிளிப் யோசனையும் படமும் அருமை. தங்கையைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். முதல் பக்கச் செய்முறைகளில் சொந்தக் கதை சேர்ப்பதில்லை. ஆறு மணி வரை காத்திருக்கிறோம்.’

“எடுத்துடலாமா?” என்றாள் வாலு, தயங்கித் தயங்கி. “அஞ்சே அஞ்சு வரிதான். முதல் பக்கத்துல வந்தா சித்தி கண்டிப்பாப் பாப்பாங்க. அதுக்குத்தானே இத்தனையும்?”

“பாத்து?”

“என்ன பாத்து?”

“பாத்து என்னன்னு படிப்பா? கிளிப் மாட்டினா போதும்னு படிப்பா. மூணு வருஷத்துக்கு முன்னாடி வாயால சொன்னேன், உன் கை வேண்டாம்னு. இப்ப அதையே லட்சம் பேருக்கு முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?”

“எடுக்கலைன்னா முதல் பக்கம் கிடையாதும்மா. அவங்க பாக்கவே மாட்டாங்க.”

“தெரியும்.”

கூடத்துக் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. கணவர் வாயைத் திறந்தார். அவள் பார்க்கிறாள், தினமும் பார்க்கிறாள், நீ என்ன எழுதினாலும் அது அவள் கண்ணில் படும். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சத்தியம் என்றால் சத்தியம்தானே. சத்தியத்தை மீறினால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஒற்றை இருக்கை காலியாக இருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். குடித்துவிட்டு வந்தார். மறுபடியும் போனார்.

“ஒரு சொம்பை மொத்தமா எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்களேன்” என்றாள் பெரியவள், கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஐந்து ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தொன்பது.

ஆறு. யாரும் எதையும் தொடவில்லை. ஆறு இரண்டுக்கு ஒரு வரி வந்தது: ‘வருந்துகிறோம். இந்த வாரம் வேறு செய்முறையைத் தேர்ந்தெடுத்துள்ளோம்.’

“போகட்டும்” என்றாள் பெரியவள். அழவில்லை. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். வெளியே தூறல் பிடித்திருந்தது. தங்கையின் குடைக்குத் துணி இருக்குமோ இருக்காதோ என்று நினைத்தாள். மூன்று வருடமாக மழை வரும்போதெல்லாம் நினைப்பதுதான்.

வாலு கத்தினாள். “அம்மா! பூஜ்யம் இல்லம்மா! ஒண்ணு!”

பெரியவள் சன்னல் கொக்கியைப் போடாமலேயே ஓடி வந்தாள்.

‘நானும் செய்தேன்’: ஒன்று. பெயர் இல்லாத புதுக் கணக்கு. ஒரே ஒரு படம். சின்ன மேசையில் ஒரு குடை விளக்கு, வெள்ளைக் காகிதம் ஒட்டி, உள்ளே வெளிச்சத்தோடு. படத்தின் கீழே இரண்டு வரி:

‘பிடிக்க ஆள் இல்லை. கிளிப் போட்டேன்.’

விளக்கின் அடியில் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கடைசியில் ஒரு வாத்துத் தலை. வாத்துக்கு அலகு பாதி இல்லை.

“சின்னவ” என்றாள் பெரியவள்.  உட்கார நாற்காலி தேடினாள். வாலு இழுத்துப் போட்டாள். “சின்னவடி. அவ பாத்திருக்கா. பாத்து, அவளே கட்டியிருக்கா. முடிச்சே போடத் தெரியாதேடி அவளுக்கு. பிடிக்கத்தானே தெரியும்.”

“பெருசு பண்ணிக் காட்டட்டுமா?”

“காட்டு. முடிச்சைக் காட்டு.”

வாலு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். காகிதத்தின் ஓரத்தில், கம்பி நுனிகளில் முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன. பெரியவள் முகத்தில் வந்த சிரிப்பு வந்த இடத்திலேயே நின்றது. கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். அடுத்த முடிச்சுக்குத் தள்ளினாள். அதற்கடுத்ததற்கு.

எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நூல் நுனிகள் மென்றதுபோல் பிசிறியிருந்தன.

“எலி முடிச்சு” என்றாள்.

“என்னம்மா?”

“இது ஒரு கையால போட்டது. ஒரு கையும் பல்லும். எனக்குத் தெரியாதா, ஒரு மாசம் போட்டேனே!” அவள் நிமிர்ந்தாள். “அவளுக்குத்தான் ரெண்டு கை இருக்கே. எதுக்கு ஒரு கையால போட்டிருக்கா?”

வாலு மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. பெரியவள் கணவரைத் தேடினாள். அவர் மேசையருகில் இல்லை. வாசலில் உட்கார்ந்து, கழற்றி வைத்த காலணியை மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார். வார் துளையில் நுழையாமல் இரண்டு தடவை நழுவியது.

“என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?”

“துணிச்சந்தைப் பக்கம். செருப்பைப் போட்டுக்கோ” என்றார் அவர், நிமிராமல். “நான் ஒரு சத்தியம் பண்ணியிருந்தேன். அதை இப்ப மீறப்போறேன். போற வழியில சொல்றேன்.”

பெரியவள் அவரையே பார்த்தாள்.   மேசைக்குத் திரும்பி வந்து, கம்பிக் கூட்டிலிருந்த நீலக் கிளிப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். வளையம் இறங்கியது. எட்டுக் கம்பிகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு மடிந்தன. மடிந்த கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நூல்கண்டைப் பையில் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கினாள்.